நாய்க்கு வற்றாளைக் கிழங்கு: கொடுக்கத் தக்கதும் தகாததும்

வற்றாளைக் கிழங்கைத் தோண்டி எடுக்கும் கமக்காரர் அதனை மூன்று குவியலாகப் பிரிப்பது வழக்கம். பருத்து, நேராய், தோல் கெடாதிருப்பவை சந்தைக்குச் செல்லும். சிறியனவும் கோணியனவும் வீட்டு அடுப்புக்குச் செல்லும். வண்டு துளைத்தனவும், அழுகல் தொட்டனவும், மண்வெட்டி பட்டுக் கறுத்துப்போனவும் மூன்றாங் குவியலாக எஞ்சும். அக்குவியல் மாட்டுக்கும் நாய்க்கும் என ஒதுக்கப்படும். மனிதர் தின்ன முடியாதது வாயில்லாப் பிராணிக்கு ஆகும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது, சில வேளைகளில் பிராணியின் உயிருக்கே கேடு விளைப்பது.

கொழும்பிலும் இப்பிரிப்பு வேறொரு வகையில் நடைபெறுகின்றது. மொத்த வியாபாரத்துக்குரிய மெனிங் சந்தை 2020ஆம் ஆண்டு நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. வெளியூர்க் கிழங்கு மூட்டைகள் அத்தகைய மொத்தச் சந்தையைக் கடந்து, வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய கடைகளையும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலுள்ள கடைகளையும் அடைவதற்குள் சில நாட்கள் சென்றுவிடும். மூட்டைக்குள் காற்றோட்டமில்லை; கடலோரக் காற்றிலோ ஈரம் மிகுதி. காயம்பட்ட கிழங்கு ஒன்று இருப்பின் அதிற் பூஞ்சணம் பிடிக்க இதனினும் வாய்ப்பான இடம் வேண்டியதில்லை. மாலையில் விலைபோகாது எஞ்சியதை வியாபாரி மலிவாகக் கொடுக்கின்றார். “நாய்க்குத்தானே” என்று வாங்கிச் செல்வோரும் உளர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசி, மீன், இறைச்சி யாவும் விலையேறியபோது, வீட்டு நாய்க்கு எதனைப் போடுவது என்பதே பல குடும்பங்களுக்குக் கவலையாயிற்று. அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. வேலியோரத்திலும் சாக்கிலும் நட்ட வற்றாளைக் கொடி பலருக்குக் கைகொடுத்தது.

நாய்க்கு இக்கிழங்கு ஆகுமா என்னும் கேள்விக்கு விடை, ஆகும் என்பதே. நாய் ஊன் தின்னும் இனத்தைச் சேர்ந்ததெனினும், மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றலைப் பெற்றுள்ளது. சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தினர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, மாச்சத்தைக் கரைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரை அலகு ஓநாயிலும் பார்க்க நாயிற் பன்மடங்காக இருப்பதைக் காட்டியது. சோற்றை உண்டு வளரும் நம் ஊர் நாயை அறிந்தவருக்கு இது வியப்பன்று. செம்மஞ்சட் சதையுள்ள கிழங்கிற் கரோட்டின் மிகுதி. நாயின் உடல் அதனை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் இது இயலாது. கிழங்கிலுள்ள நார்ச்சத்து மலங்கழிவதற்கும் உதவும்.

ஆயினும் அவித்த கிழங்கு 100 கிராமிற் புரதம் ஏறக்குறைய 1½ கிராம் மட்டுமே உண்டு. மீனும் முட்டையும் இறைச்சியும் தருவதைக் கிழங்கு தராது. ஆகவே சோற்றின் ஒரு பகுதிக்கு ஈடாக இதனைச் சேர்க்கலாமேயன்றி, கிழங்கையே நாளாந்த உணவாக்குதல் கூடாது.

இனி மூன்றாங் குவியலுக்கு வருவோம். வற்றாளைச் செடி தன் கிழங்கை வண்டோ பூஞ்சணமோ தாக்கும்போது, அதனை எதிர்ப்பதற்காகக் கசப்பான சில பொருட்களைக் காயத்தைச் சுற்றி உண்டாக்குகின்றது. அவற்றுள் முதன்மையானது இப்போமியமரோன் என்பது. கூன்வண்டு துளைத்த கிழங்கில் இப்பொருள் இருத்தலை அக்கசாவா, உரித்தானி, குபோத்தா ஆகிய யப்பானிய அறிஞர் 1960ஆம் ஆண்டிற் காட்டினர். இது ஈரலைத் தாக்கும் நஞ்சு. பூஞ்சணமும் சேர்ந்துவிடின் இதனோடு தொடர்புடைய வேறு நஞ்சுகளும் உண்டாகி நுரையீரலைத் தாக்குகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் யப்பானிலும் பூஞ்சணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சுத்திணறி இறந்துள்ளன. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, முனகிக்கொண்டு மாடு மூச்சுக்குப் போராடுவதே இதன் குறி. அந்நிலையை அடைந்த மாட்டைக் காப்பாற்றுதல் அரிது. நாயின் உடல் மாட்டினுடையதிலும் மிகச் சிறியது. ஆகவே குறைந்த அளவு நஞ்சையும் அற்பமென எண்ணலாகாது.

அவித்துவிட்டாற் கேடில்லை என்று சொல்வோர் பலர். மரவள்ளிக் கிழங்கின் நஞ்சு நன்றாக அவித்து நீரை வடித்துவிட்டாற் பெரிதும் குறைந்துவிடும். அந்த அனுபவத்தையே வற்றாளைக்கும் பொருத்திப் பார்க்கின்றனர் போலும். இரண்டும் வெவ்வேறு நஞ்சுகள். வற்றாளையிற் காயத்தால் உண்டாகும் கசப்புப் பொருள் அவித்தாலும் சுட்டாலும் முற்றாக அழிவதில்லை. கெட்ட பகுதியை மட்டும் செதுக்கிவிடுவதும் போதாது. பார்வைக்கு நன்றாகத் தோன்றும் அயற் சதையிலும் அது பரவியிருக்கக்கூடும். எனவே வெட்டியவுடன் கரும்பச்சையாகவோ கபிலமாகவோ கோடுகள் தெரிந்தால், துளை தெரிந்தால், புளித்த மணமோ காரமணமோ வீசினால், அக்கிழங்கு முழுவதையும் விலக்கவேண்டும். அவித்தபின் ஐயமிருப்பின் நுனி நாவிற் சிறிது வைத்துத் துப்பிப் பார்க்கலாம். கசக்குமாயின் அது நாய்க்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

மண்வெட்டி பட்ட கிழங்கு எல்லாம் நஞ்சு என்று இதற்குப் பொருளன்று. தோண்டிய அன்றே காயத்தைச் செதுக்கி அவித்துக் கொடுப்பதாயிற் தடையில்லை. சாக்கிற் கட்டி அடுத்த வாரத்துக்கென வைப்பதே தவறு. சிறிய கிழங்கும் கோணற் கிழங்கும் சத்திற் குறைந்தவையல்ல. நாய்க்குரியவை உண்மையில் இவையே.

கொடுக்கும் முறை எளிது. மண் போகக் கழுவித் தோலை நீக்கி, மத்தால் மசியுமளவுக்கு அவித்து, நன்றாக ஆறவிட்டு, சோற்றோடும் மீனோடும் பிசைந்து கொடுத்தல் வேண்டும். பச்சைக் கிழங்கைக் கொடுத்தல் ஆகாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். அவித்தால் அது கெட்டுவிடும். மேலும் நாய் மென்று தின்பதில்லை, விழுங்குகின்றது. கடினமான துண்டு தொண்டையில் அல்லது குடலில் அடைத்துக்கொள்ளும். 12 அல்லது 15 கிலோகிராம் நிறையுள்ள நம் ஊர் நாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி மசித்த கிழங்கு போதும். முதன்முறை கொடுக்கும்போது ஒரு தேக்கரண்டியளவே கொடுத்து, மறுநாள் மலம் இளகுகின்றதா என்று பார்த்தல் நன்று.

நம் வீடுகளில் அவித்த வற்றாளையைத் தேங்காய்ப்பூவோடு அல்லது கட்டைச் சம்பலோடு உண்பது வழக்கம். உண்டு எஞ்சியதைத் தட்டோடு நாய்க்கு வைப்பதும் வழக்கமே. இங்கே கிழங்கிலும் பார்க்கச் சம்பலே பகை. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை; பச்சையாயினும் சமைத்ததாயினும் இக்கேடு நீங்காது. ஆகவே நாய்க்குரிய கிழங்கை உப்பும் சேர்க்காது முன்னதாகவே பிரித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். சீனி, பாணி, வெண்ணெய் எதுவும் வேண்டியதில்லை. கிழங்கின் இனிப்பே நாய்க்கு மிகை. நீரிழிவுள்ள நாய்க்கும், சிறுநீர்க்கல் அல்லது சிறுநீரக நோய் உள்ள நாய்க்கும் மிருக வைத்தியரைக் கேளாமற் கொடுத்தல் கூடாது.

கிழங்கு தின்ற நாய் பலமுறை வாந்தி எடுத்தாலோ, வயிறு ஊதினாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க. தின்ற கிழங்கின் மிச்சத்தையும் உடன் எடுத்துச் செல்லல் உதவியாகும். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல நாய் வாயைத் திறந்து எச்சில் வடிக்குமாயின், கையை வாய்க்குள் இடுவதற்கு முன் ஒருகணம் நிற்றல் வேண்டும். விசர் நோய் கண்ட நாயும் அவ்வாறே தோன்றும். தடுப்பூசி ஏற்றிய விபரம் அறியப்படாத தெருநாயாயின் எக்காரணத்தாலும் கையை இடலாகாது. ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தாலோ பல் பட்டிருந்தாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இத்தொல்லைகளுட் பெரும்பகுதி தோட்டத்திலேயே தொடங்குவது. வண்டு துளைத்த கிழங்கு குறைந்தால் மூன்றாங் குவியலும் குறையும். எறும்பு போன்ற மெலிந்த உருவமும், நீலக்கருமை உடலும், செந்நிற நடுப்பகுதியும், நீண்ட மூக்கும் உடையது இவ்வண்டு. அதனால் மண்ணை ஆழத் தோண்ட இயலாது. வரண்ட நிலத்தின் வெடிப்பு வழியாகவே கிழங்கை அடைகின்றது. ஆகவே கிழங்கு பருக்கத் தொடங்கும் காலத்தில் மண் அணைத்தலும், நிலம் வெடியாதவாறு நீர் பாய்ச்சலும் எம்மருந்திலும் மேலானவை. முட்டையும் புழுவும் முதிர்ந்த தண்டில் மறைந்திருப்பதாற் கொடியின் நுனித்துண்டுகளையே நடுகைக்குத் தெரிதல் வேண்டும். 25 முதல் 30 சதமமீற்றர் நீளம் போதும். விலை ஏறட்டும் என்று முதிர்ந்த கிழங்கை மண்ணிலேயே விட்டுவைப்பவர், ஏறிய விலைக்கு விற்க வண்டு தின்றதையே தோண்டுவர். மூன்றரை அல்லது நான்கு மாதத்தில் தோண்டிவிடுதலே இலாபம்.

நெற்செய்கையாளருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. சிறுபோகத்தில் நீர் போதாத வயலில் வற்றாளை நட்டு, பெரும்போகத்தில் மீண்டும் நெல் விதைப்பின், நீர்கட்டிச் சேறடிக்கும்போது நிலத்தில் எஞ்சிய வண்டும் புழுவும் மூழ்கி அழியும். மேட்டு நிலத்தில் ஒரே பாத்தியில் ஆண்டாண்டு வற்றாளையே நடுபவருக்கு இவ்வசதி இல்லை. அவர் பயற்றினத்தையோ மரக்கறியையோ இடையிற் பயிரிடல் வேண்டும்.

கொடியும் இலையும் மாட்டுக்கும் முயலுக்கும் நல்ல தீன். நாய்க்கு அவை வேண்டியதில்லை. விலக்கிய கிழங்கை வேலியோரத்தில் எறிந்துவிட்டால், புழு வளர்ந்து வண்டாகி அடுத்த பாத்திக்கே திரும்பும். தெருநாயும் கட்டவிழ்ந்த மாடும் அதனைத் தேடியும் வரும். பசளைக் குழியின் மேற்பரப்பிற் போடுதலும் அதற்கொப்பானதே. ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழத்தில் இட்டு மண்ணை மூடி மிதித்துவிடல் வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் முற்றமில்லாத வீட்டார் அதனைப் பையிலிட்டு இறுகக் கட்டி, மாநகரசபைக் குப்பை வண்டி வரும் நேரத்துக்கே வெளியில் வைத்தல் வேண்டும். முதல்நாள் இரவே வைத்த பை விடிவதற்குள் நாயாற் கிழிக்கப்பட்டிருக்கும்.