வாணிகமும் நல்லெண்ணமும்

படைவலியால் அண்டை நாட்டை அடக்குதல் பேரரசுகளின் பழைய வழக்கம். நடுத்தர அரசுகளோ வாணிகத்தாலும் நல்லெண்ணத்தாலும் நட்பை நாட்ட முயல்கின்றன. இலங்கையில் இந்தியா அண்மைக்காலத்திற் கொண்ட நெறியும் இதுவே. 1998 இற் கைச்சாத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் மலையகத்தில் 4,000 வீடுகள் அமைக்க இந்தியா நிதியுதவி வழங்கிற்று. அவற்றுள் 404 வீடுகள் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்டிற் கையளிக்கப்பட்டன.

இவ்வுதவியின் பொருளை உணர 1964 ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைக் கேளாமலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எண்களாய் நின்றோரின் வழியினர் இன்று லயன் அறை நீங்கித் தனிவீடு புகுகின்றனர். வீட்டோடு காணியுறுதியும் உரியோர் கைசேரும்போதே அரசுகளின் நட்பு மக்களின் நட்பாகும்.