உங்களுக்குத் தெரியுமா? டெல்லி அணிவகுப்பில் ஜொகூர் இளவரசர்

2007 ஜனவரி 26. டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் 61-ஆவது குதிரைப்படை வந்தது. தலைப்பாகையுடன் அதற்குத் தலைமை தாங்கி வந்த 22 வயது அதிகாரி இந்தியரே அல்ல. மலேசியாவின் ஜொகூர் அரச குடும்பத்து வாரிசு துங்கு இஸ்மாயில் இட்ரிஸ்! அந்த அணிவகுப்பில் இந்தியப் படைப்பிரிவு ஒன்றை வெளிநாட்டவர் வழிநடத்தியது அதுவே முதல்முறை.

அவர் பயின்றது 1932-இல் தொடங்கிய டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில். நட்பு நாடுகள் பரிந்துரைத்து அனுப்பும் இளைஞர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

இந்திய இளைஞர்களுக்கோ பாதை வேறு. பட்டதாரிகள் மத்தியத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகுதான் உண்மையான சோதனையே தொடங்கும். ஐந்து நாள் தேர்வு முகாம். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். பிறகு அதைக் குழுவாகப் பேசி, எல்லோரும் ஒரே கதைக்கு வர வேண்டும். கூச்சல் போடுபவர் தலைவராகிவிட முடியாது. இந்தச் சுற்றில் தேறாதவர்கள் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐந்து நாளையும் தாண்டித் தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேறு காத்திருக்கும்.

ஜொகூர் இளவரசர் ராணுவம் பயின்றதில் வியப்பில்லை. மலேசியாவில் சொந்தப் படை வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஜொகூர்தான். அப்படை 1886-இலிருந்து இருக்கிறது. மற்ற ஜொகூர் மாணவர்கள் பட்டப்படிப்போடு அதிகாரிப் பயிற்சியும் பெற நாடுவது கோலாலம்பூர், சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தை.