குட்டிப் பாம்பு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்

கார்ன் ஸ்னேக், போல் பைத்தன் போன்ற நஞ்சற்ற பாம்புகளைச் சிலர் வீட்டில் செல்லப்பிராணியாக வளர்க்கின்றனர். நீங்களும் வளர்க்க விரும்பினால், எந்த இனமாக இருந்தாலும் அதற்கு உரிமம் தேவையா என்பதை வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தானிடம் கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள். அதன் பிறகுதான் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குட்டிக்குக் கண்ணாடித் தொட்டி கட்டாயமில்லை. துணிமணி வைக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியே போதும். 5 அல்லது 6 லிட்டர் கொள்ளளவு பிறந்து சில வாரமான குட்டிக்குச் சரியாக இருக்கும். பரந்த இடத்தைவிட ஒடுங்கிய இடத்தில்தான் அது அச்சமின்றித் தங்கும். ஆனால் இந்தப் பெட்டிகள் துணிக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். துணி மூடியைத் தள்ளிப் பார்ப்பதில்லை. குட்டிப் பாம்போ இரவெல்லாம் மூக்கால் மூலை மூலையாக முட்டிப் பார்க்கும். தலை நுழையும் இடத்தில் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும்.

மூடியைச் சோதிப்பது எப்படி?

பெட்டியின் இரு முனைகளிலும் பூட்டு இருக்கும். நீண்ட பக்கங்களின் நடுவில் பெரும்பாலும் இருக்காது. பலவீனம் அங்கேதான். மூடியைப் பூட்டிவிட்டு, நடுப்பகுதியை விரலால் கீழிருந்து மேலே தள்ளுங்கள். இடைவெளி விழுந்தால், அங்கே பக்கத்துக்கு இரண்டு பைண்டர் கிளிப்புகளை மாட்டுங்கள், அல்லது கொக்கியுள்ள பட்டையால் பெட்டியைச் சுற்றி இறுக்குங்கள். மூடியின் மேல் புத்தகம், கல் ஆகியவற்றை அடுக்குவது நம்பத்தக்க வழியன்று. பாரம் நழுவும், மூடியும் வளையும். ஒட்டுநாடாவைப் பெட்டிக்குள் எங்கும் பயன்படுத்தாதீர்கள். அதில் சிக்கிய குட்டியைப் பிரித்தெடுக்கும்போது தோல் கிழிந்துவிடும்.

காற்றுத் துளைகளைப் பாம்பை உள்ளே விடுவதற்கு முன்பே போட வேண்டும். சாத்தே குச்சி நுழையும் அளவு, அதாவது 3 மில்லிமீட்டர் போதுமானது. பென்சில் நுழைந்தால் அது பெரிய துளை. எதிரெதிர்ப் பக்கங்களில் வரிசையாகப் போடுங்கள். சால்டரிங் அயர்னால் சுடுவதாக இருந்தால், உள்ளிருந்து வெளிப்புறமாகக் குத்துங்கள். கூரான பிசிர் வெளியே நிற்கும். உருகும் பிளாஸ்டிக்கின் புகையைச் சுவாசிக்கக் கூடாது என்பதால் இதை வீட்டுக்கு வெளியே செய்வது நல்லது.

இவ்வளவு செய்தும், உணவு கொடுத்த பின் ஒரு கிளிப்பை மாட்ட மறந்தால் போதும், எல்லாம் வீண். படுக்கைக்குச் செல்லுமுன் ஒவ்வொரு கிளிப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

சுகாதாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நலமாகத் தோன்றும் பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கழிவின் வழியாக அது தோலிலும் பெட்டியிலும் படியும். தப்பிய பாம்பு சமையல் மேசையிலோ பாத்திர அடுக்கிலோ ஊர்ந்தால் கிருமி உணவுக்கும் வரக்கூடும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவை இதன் அறிகுறிகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது கடுமையாகலாம். அவர்கள் பாம்பையோ பெட்டியையோ தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. மற்றவர்கள் தொட்டவுடன் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். இரைக்கான உறைந்த எலிகளைக் குடும்பத்தின் உணவோடு வைக்காதீர்கள்.

பெட்டி காலியாக இருந்தால்

அறைக் கதவை மூடி, கதவடி இடைவெளியில் துண்டைத் திணியுங்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், காலணி, துணிக் குவியல் என வெதுவெதுப்பும் இருட்டும் உள்ள இடங்களைத் தேடுங்கள். பார்க்காமல் சலவை இயந்திரத்தை இயக்க வேண்டாம். வாசற்படியில் கொஞ்சம் மாவு தூவி வைத்தால், அது போன தடம் காலையில் தெரியும். பாம்பு கிடைத்த பிறகு, அது ஊர்ந்திருக்கக்கூடிய சமையல் பரப்புகளைச் சவர்க்காரத்தால் கழுவிக் கிருமிநாசினியால் துடையுங்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வீட்டுக்குள் கண்ட பாம்பு உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணிக் கையை நீட்டாதீர்கள். நம் நாட்டு வீடுகளுக்குள் குட்டி நாகமும் வருவதுண்டு. மங்கலான வெளிச்சத்தில், பாதி உடல் அலமாரிக்கடியில் மறைந்திருக்கையில், வளர்த்தவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். விளக்கைப் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள். சிறிதளவு ஐயம் இருந்தாலும் குழந்தைகளை வெளியேற்றிவிட்டு 999 எண்ணை அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு வீரர்களோ வந்து பிடிப்பார்கள்.

எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாமல் கடிபட்டால், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ கயிற்றால் இறுகக் கட்டுவதோ கூடாது. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தொலைவிலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் மருத்துவரிடம் காட்டலாம்.