சூளையில் வெடிக்காத சட்டி அடுப்பில் ஏன் வெடிக்கிறது?

ஆயர் ஈத்தாமைக் கடந்து போகும்போது சாலையோரப் பானைக் கடைகளில் காரை நிறுத்தாமல் வருவது கஷ்டம். ஆசையாக ஒரு சட்டி வாங்கி வருகிறீர்கள். முதல் மீன் குழம்பு கொதிக்கும்போதே ‘டப்’ என்று ஒரு சத்தம், அடுப்பெல்லாம் குழம்பு. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டத் தோன்றும். பெரும்பாலும் அவர் மேல் தப்பு இருக்காது. உங்கள் மேலும் பெரிய தப்பு இருக்காது. சட்டிக்கும் நெருப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த சட்டி பல வருஷம் உழைக்கும்.

‘சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்த சட்டி, என் கேஸ் அடுப்பின் சூட்டையா தாங்காது?’ எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆயர் ஈத்தாமை அடுத்த மாச்சாப் பக்கம் ஆவ் பொட்டரியில் டிராகன் சூளை இருக்கிறது. சரிவான நிலத்தில் படுத்துக் கிடக்கும் நீளமான விறகுச் சூளை அது. இந்த மாதிரிச் சூளைகளில் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நம் தோட்டத்து ஆட்கள் பால்மரத்தில் கட்டிய மங்குகள்கூட ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சூளைகளில் வெந்து வந்தவைதான். ஆனால் அங்கே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எரித்து முடித்ததும் வாயை அடைத்துவிட்டு, தானாக ஆறும்வரை நாள் கணக்கில் காத்திருப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பது உடைந்துதான் வரும்.

ஆக, சட்டியை உடைப்பது சூட்டின் அளவு அல்ல. ஒரே சட்டியில் ஒரு பக்கம் சுட, இன்னொரு பக்கம் ஆறிக்கிடப்பதுதான் அதை உடைக்கிறது.

அது எப்படி? சூடு ஏறினால் பெரும்பாலான பொருள்கள் கொஞ்சம் விரியும். தீ படும் அடிப்பாகம் விரியப் பார்க்கும். இன்னும் சூடேறாத உட்பக்கமும் விளிம்பும் விடாமல் பிடித்து இழுக்கும். சுட்ட மண் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையிலோ கீறலிலோ பிளவு தொடங்கி ஓடிவிடும். இதற்கு வெப்ப அதிர்ச்சி (திடீர்ச் சூடோ திடீர்க் குளிர்ச்சியோ பட்டு உடைவது) என்று பெயர்.

அலுமினியச் சட்டிக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? அது விரிவதில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள பீங்கானை 100 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியமோ 2.3 மில்லிமீட்டர் நீளும். அப்படியும் தப்பிப்பதற்கு இரண்டு காரணம். அலுமினியம் சுட்ட மண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துவதால், அடியும் விளிம்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சூடேறும். அப்புறம், உலோகம் வளைந்து கொடுக்கும். மண்ணுக்கு வளையத் தெரியாது. சாதாரணப் பீங்கானில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் 150, 200 டிகிரி வித்தியாசம் வந்தாலே ஆபத்துதான்.

சூடேற்றுவதைவிடத் திடீரென்று குளிர வைப்பது இன்னும் மோசம். சுட்டுக் கிடக்கும் சட்டியில் தண்ணீர் பட்டால் மேற்பரப்பு மட்டும் சட்டெனச் சுருங்கும். உள்ளே இருக்கும் சூடான பகுதி அதைச் சுருங்க விடாது. இழுவை முழுவதும் மேற்பரப்பில் விழும். கரண்டி பட்ட கீறல், பூச்சில் இருக்கும் குறை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன?

அப்படியானால் பொங்கல் பானை எப்படிக் கொழுந்துவிட்டு எரியும் விறகைத் தாங்குகிறது? அதன் சூட்சுமம் அதன் முரட்டுத்தனத்தில் இருக்கிறது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் நம்மவர்கள் வனையும் பானையானாலும் சரி, தமிழ்நாட்டு மானாமதுரைப் பானையானாலும் சரி, உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக, மணல் தெரிய, நுண்துளைகளோடு இருக்கும். பிளவு ஓடி வரும்போது ஒரு துளையிலோ மணலிலோ முட்டி நின்றுவிடும். பானையின் அடி உருண்டையாக இருப்பதால் இழுவை குவியும் மூலையும் கிடையாது. வழவழப்பான பீங்கான் கோப்பையோ கெட்டியானது, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆனால் பிளவு ஒருமுறை தொடங்கிவிட்டால் தடுத்து நிறுத்த அதில் ஒன்றுமில்லை. அடுப்பில் ஏற்ற என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அழகானதை விட்டுவிட்டு முரட்டுச் சட்டியைத்தான் எடுப்பேன்.

மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் இருக்கும் குவார்ட்ஸ் (வெண்கல் படிகம்) 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும். குயவர்கள் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க வைப்பார்கள். அதிகச் சூட்டில் வெந்த சில கெட்டியான பாத்திரங்களில் கிறிஸ்டோபலைட் என்ற அதன் இன்னொரு வடிவம் உருவாகிவிடும். அது 220 டிகிரி அருகிலேயே இதே வேலையைக் காட்டும். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் எளிதில் எட்டிவிடக்கூடிய சூடு அது.

விரியவே விரியாத பீங்கான் கிடையாதா என்றால், கிட்டத்தட்ட உண்டு. 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆய்வாளர் டொனால்ட் ஸ்டூக்கி 600 டிகிரியில் வைத்த உலை தவறுதலாக 900க்கு ஏறிவிட்டது. கெட்டுப்போனது என்று வெளியே எடுத்த கண்ணாடித் துண்டு கை நழுவிக் கீழே விழுந்தது, உடையவில்லை. அதிலிருந்து வந்ததுதான் கார்னிங்வேர் பாத்திரம். ஜப்பானில் யோக்காயிச்சி ஊர்க் குயவர்கள் லித்தியம் கலந்த பெட்டலைட் என்ற கனிமத்தை மண்ணோடு சேர்த்து, நேரடித் தீயைத் தாங்கும் சட்டி செய்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான்.

சரி, கடையில் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், அடுப்புக்கா அலங்காரத்துக்கா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பளபளக்கும் சாடியும் கிண்ணமும் சமைப்பதற்குச் செய்தவை அல்ல. அடுப்புச் சட்டியின் வெளி அடியில் பெரும்பாலும் கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) இருக்காது. அடி தட்டையாகவும் மூலை கூர்மையாகவும் இருந்தால் வேண்டாம். கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல சட்டி ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும், விரிசல் இருந்தால் ‘டப்’ என்று அடங்கிவிடும். ‘ஓவன் சேஃப்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓவனில் சூடு நாலாபக்கமும் சமமாக வரும், அடுப்புத் தீ அடியில் மட்டும் அடிக்கும். இரண்டும் வேறு வேறு.

சீனக் கடைகளில் கோழிச் சோறு வரும் சட்டியைச் சுற்றிக் கம்பி வலை பார்த்திருப்பீர்கள். அது விரிசலைத் தடுக்காது. விரிசல் விட்டாலும் சட்டி பிரிந்து விழாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

‘புதுச் சட்டியைத் தண்ணீரில் ஊறப்போடு என்று அம்மா சொல்கிறார், ஈரச் சட்டியை அடுப்பில் வைக்காதே என்றும் சொல்கிறார்கள். எது சரி?’ இரண்டும் சரி. பூச்சில்லாத புதுச் சட்டியை ஒரு நாள் ஊறவைத்து, அரிசி கழுவிய தண்ணீரோ கஞ்சியோ ஊற்றிச் சிறுதீயில் மெல்லக் காய்ச்சி எடுங்கள். மாவுச் சத்து நுண்துளைகளை அடைக்கும். ஆனால் அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்புறம் காய்ந்திருக்க வேண்டும். துளைக்குள் தங்கிய நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். பெருந்தீயில் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் சட்டியையே பிளக்கும்.

பொங்கலன்று காலையில் பானை வெடித்துவிட்டால் அபசகுனம் என்று மனம் கலங்குகிறவர்கள் உண்டு. காரணம் எளியது. ஜாலான் உங்கு புவான் கடைத்தெருவில் வாங்கிய பானையை அன்று காலையில் கழுவி, மஞ்சள் கட்டி, ஈரத்தோடு எரியும் அடுப்பில் ஏற்றி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாலை ஊற்றுகிறோம். முந்தின நாளே கழுவிக் காயவைத்து, பாலை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, முதல் கால் மணி நேரம் சின்னத் தீயாக எரித்தால் பானை பத்திரமாகப் பொங்கும்.

தினசரிச் சமையலில் அதிகம் உடைவது தாளிப்பில்தான். வெறும் சட்டியைப் பெருந்தீயில் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்து, வெங்காயம் வதங்கியதும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் கரைத்த புளியை ஊற்றுகிறோம். எண்ணெயின் சூடு 180 டிகிரி இருக்கலாம், புளித் தண்ணீர் 28. சட்டி என்ன செய்யும்? இரும்பு வாணலியில் தாளித்துக் கொட்டுங்கள். சட்டியிலேயே தாளித்தால்தான் மணம் என்பவர்கள், எண்ணெய் ஊற்றிய பிறகு சிறுதீயில் தொடங்கி, புளியை வெந்நீரில் கரைத்து ஊற்றட்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த தேங்காய்ப்பாலுக்கும் மீனுக்கும் இதே விதிதான்.

தீயின் அளவு? தீநாக்கு சட்டியின் அடிக்குள் அடங்க வேண்டும், பக்கவாட்டில் ஏறக்கூடாது. குவாலிக்கென்று வைத்திருக்கும் பெரிய அடுப்பு வேண்டாம், சின்ன அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தணித்துவிடுங்கள். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அணைத்த பிறகும் சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். குழம்பில் தண்ணீர் இருக்கும்வரை உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சுண்டி அடிபிடிக்கத் தொடங்கினால் சூடு மளமளவென்று ஏறும். அந்த நேரம் பதறிப்போய்த் தண்ணீர் விடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இறக்கி எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஈரமான கருங்கல் மேடையிலும் சிங்கிலும் வைத்தால் அடி விரிசல் விடும். பாட்டி வைத்திருந்த பிரிமணை அழகுக்கல்ல. அது இல்லையென்றால் காய்ந்த துணியோ மரப்பலகையோ போதும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கழுவுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண மண்சட்டி சூடே ஏறாது. மைக்ரோவேவில் பூச்சு உதிர்ந்த பழைய கோப்பைகளை வைக்காதீர்கள், அவை உறிஞ்சி வைத்த நீர் அங்கே கொதிக்கும். இன்றைக்குக் கடைகளில் ‘செராமிக்’ என்று விற்கும் ஒட்டாத வாணலி முழுக்கப் பீங்கான் அல்ல, அலுமினியத்தின்மேல் மெல்லிய பூச்சு. அது பிளந்து விழாது. ஆனால் வெறுமனே காய்ந்தால் பூச்சில் நுண்விரிசல் விட்டு ஒட்டத் தொடங்கும்.

சட்டியின் உட்புறத்தில் வலைபோல மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? தண்ணீர் நிரப்பி ஒரு செய்தித்தாள்மேல் இரவு முழுவதும் வையுங்கள். பூச்சிட்ட சட்டியானால், தாள் நனையவில்லை என்றால் அது பூச்சில் மட்டும் உள்ள கோடு, நனைந்தால் சட்டியே பிளந்திருக்கிறது. பூச்சில்லாத சட்டி இயல்பாகவே கொஞ்சம் கசியும், ஆகவே கசிவு ஒரே கோடாக வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அதை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

சமைக்கும்போதே வெடித்துவிட்டால்? முதலில் கேஸை மூடுங்கள். சட்டியைத் தூக்காதீர்கள், தூக்கும்போதுதான் இரண்டாகப் பிரிந்து காலில் கொட்டும். நன்றாக ஆறியதும் கையுறையோடு அள்ளி எடுங்கள். மீன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்தக் குழம்பை வடிகட்டிச் சாப்பிடலாமா என்று யோசிக்க வேண்டாம், கண்ணாடிப் பூச்சின் சில்லுகள் வடிகட்டியில் சிக்காது.