பன்றிக் காவலில் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருத்தல் வேண்டும்?

விசுவமடுவில் காலபோக நெல் பால்பிடிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிக்குக் காவல் வேண்டியதாகும். சிலர் வரம்பில் மின்கம்பி கட்டுகின்றனர். அது மனிதரையும் கொல்லும், சட்டத்துக்கும் மாறானது. வயலைச் சுற்றிச் சத்தமிட்டுவிட்டுக் கொட்டிலுக்குத் திரும்பும் காவலாலும் பயன் சிறிதே. பன்றிக்குப் பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூர்மை. ஆள்வாடை பட்டதும் மறுபக்க வரம்பால் நுழைந்துவிடும். ஆதலின், கால்தடமுள்ள வழியருகே, பன்றி வரும் பக்கமிருந்து காவலாளியை நோக்கிக் காற்று வீசுமாறு இடந்தேர்ந்து, பொழுதுபட்டது முதல் ஓசையின்றி இருத்தல் வேண்டும். மார்கழி வாடைக்கு அவ்வழியின் தென்மேற்குப் பக்கமே தகும். விரட்டிய பின்னரும் ஒரு மணி நேரமாவது அவ்விடம் விட்டகலலாகாது. பற்றைக்குள் ஒதுங்கிய கூட்டம் சந்தடி அடங்கியதும் மீளக்கூடும். காற்றுத் திசை மாறின் மட்டும் உடனே இடம் மாறுதல் நன்று. யானை நடமாடும் இரவில் நிலத்திற் காவலிருத்தல் கூடாது. உயர்ந்த மரத்துப் பரணே ஏற்றது.