தியாகதுருகம் கைமாறிய கோடை

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிறவர்கள் தியாகதுருகத்தின் கோட்டைக் குன்றைப் பார்க்காமல் கடக்க முடியாது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். அதற்கு வடக்கில் செங்கம் கணவாய், தெற்கில் ஆத்தூர்க் கணவாய். மைசூர்ப் படைகள் சமவெளிக்கு இறங்கிய வழிகள் இவை. அந்த வழிகளைக் கண்காணிக்க ஏற்ற இடத்தில் நிற்கும் இந்தக் கோட்டைதான் 1760-இல் ஒரு ராணுவக் கூட்டணிக்கு விலையானது.

அந்த ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, புதுச்சேரியைக் காக்க மைசூரின் ஹைதர் அலியை நாடினார். குதிரைப்படையையும் சிப்பாய்களையும் மைசூர் அனுப்ப வேண்டும். பதிலுக்குத் தியாகதுருகம் மைசூருக்கு. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு வந்தார். ஜூலையில் திருவதிகைப் பக்கம் மேஜர் மூரின் ஆங்கிலப் படையை முறியடித்தார்.

ஆனால் ஆங்கிலேயரின் முற்றுகை இறுக இறுக, புதுச்சேரிக்குப் போர்வீரர்களைவிடச் சோறு அவசரமானது. சண்டைக்கு வந்த படைக்கு மாடுகளையும் தானியத்தையும் நகருக்குள் சேர்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது. நிலைமைக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ள அந்தக் கூட்டணியால் முடிந்தது என்பதை மறுக்க முடியாது. அதைக் குலைத்த ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது.

ஆகஸ்டில் ஹைதரிடமே பணியாற்றிய கண்டே ராவ், மராத்தியர் துணையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்மீது பாய்ந்தார். ஹைதர் பெங்களூருக்குத் தப்பினார். மக்தூம் அலியின் படை திரும்ப அழைக்கப்பட்டது. இதைத் துரோகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தன் தலைநகரையே இழந்தவர் அயலான் கோட்டைக்கு எப்படிக் காவல் நிற்பார்?

அதன் விலையைக் கொடுத்தவர்களோ உடன்படிக்கையில் கையெழுத்திடாதவர்கள். உணவு தீரத் தீர, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்களை லாலி நகரைவிட்டு வெளியேற்றினார். ஆங்கிலேயர் முதலில் வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே அந்தக் குடும்பங்கள் நாள்கணக்கில் புல் வேரைத் தின்று கிடந்தன. தளபதிகளின் பெயர்கள் வரலாற்றில் பதிந்திருக்கின்றன. இவர்களில் ஒருவரின் பெயர்கூட நம் பாடப்புத்தகங்களில் இல்லை.

1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி விழுந்தது. அடுத்த மாதமே தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசமானது.

1790-இன் கடைசியில் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் இதே கோட்டையை முற்றுகையிட்டார். அப்போது ஆங்கிலேயக் கும்பினியும் மராத்தியரும் நிஜாமும் அவருக்கு எதிராக ஓரணியில் நின்றார்கள். கோட்டையைக் காத்த ஆங்கிலேயக் கேப்டன் பிளின்ட் அதை விட்டுக்கொடுக்கவில்லை. திப்பு திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போய், படை கேட்டு பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் தூது அனுப்பினார். பிரான்சில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. படை வரவில்லை.