தோட்டத்துச் சாளையில் பட்டாசு மூட்டையா? வேண்டாம் விபரீதம்!

2024 அக்டோபர் 8-ம் தேதி, திருமுருகன்பூண்டி அருகே திருப்பூர் பாண்டியன் நகரில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. கோயில் திருவிழாவுக்காக வீட்டிலேயே நாட்டு வெடி தயாரித்ததுதான் காரணம். 9 மாதக் குழந்தை உட்பட மூவர் இறந்தனர். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமடைந்தன.

இதற்கு ஓராண்டு முன்பு, 2023 அக்டோபர் 7-ம் தேதி, ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. தீபாவளி விற்பனைக்கு வந்த சரக்கை இறக்கும்போது பிடித்த தீ அது. பத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள்.

விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். காலியாகக் கிடக்கும் கோழிப் பண்ணை, ஓட்டம் நின்ற தறிக் குடோன், தோட்டத்துச் சாளை எல்லாம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருப்பவை. ‘நோம்பி முடியும்வரை நாலு மூட்டை வைத்துக்கொள்கிறோம்’ என்று கேட்டு வருபவர்கள் உண்டு. மயிலையும் காட்டுப்பன்றியையும் விரட்ட வெடி வாங்கி வைப்பவர்களும் உண்டு.

அணைக்க முடியாத தீ

வைக்கோல் போரில் பிடித்த தீ காற்றில் உள்ள ஆக்சிஜனை வாங்கி எரிகிறது. பட்டாசு மருந்திலோ ஆக்சிஜன் தரும் உப்பு கலந்தே இருக்கிறது. மூடினாலும், மண் போட்டாலும் குவியலுக்குள் எரிந்துகொண்டே போகும். உராய்வு, அடி, சூடு, சிறு பொறி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். நாட்டு வெடியில் கலவை கைக்கணக்கு என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

சட்டம் சொல்வது

வெடிபொருள் விதிகள் 2008-ன்படி, விற்பனைக்குப் பட்டாசு இருப்பு வைக்க உரிமம் கட்டாயம். தற்காலிகக் கடைகள் தீப்பிடிக்காத பொருளால் கட்டப்பட வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடாது. மின்விளக்கை ஒயரில் தொங்கவிடாமல் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டக் கூடாது.

வீட்டுத் தேவைக்கு வாங்கினால்

* தேவைக்கு மட்டும், உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்காமல், ஈரமில்லாத, வெயில் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.
* உரம், கந்தகத் தூள், டீசல், பஞ்சுக் கழிவு, சாக்கு, வைக்கோல் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் பெட்டி, இன்வெர்ட்டர் பக்கமும் ஆகாது.
* நமத்த பட்டாசை அடுப்பருகே காய வைக்காதீர்கள். வெடிக்காததைத் திரும்பப் பற்ற வைக்காமல், சற்று நேரம் விட்டு, வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள்.
* பன்றிக்கு அவுட்டுக்காய் வைப்பது குற்றம். அதைக் கடித்து வாய் சிதறுவது சொந்த மாடாகவும் இருக்கலாம்.

தீப்பிடித்தால்

அட்டைப் பெட்டி ஓரத்தில் தொடங்கிய சிறு தீ என்றால் தண்ணீர் ஊற்றலாம். சரக்கில் பற்றிவிட்டால் அணைக்க நிற்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி, தூரப் போய், 101-க்கு அழையுங்கள். உள்ளே பட்டாசு இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதை மறைத்தால், அணைக்க வரும் தீயணைப்பு வீரர்களின் உயிருக்கும் ஆபத்து.

சாளையை வாடகைக்குக் கேட்டால், என்ன சரக்கு என்று திறந்து பாருங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால், சாவியைக் கொடுக்காதீர்கள்.